வயிற்று வழியா, தொடை வழியா?

சுருளிக்கு வந்த நோயில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. அதை இரண்டு விதமாகக் குணப்படுத்தலாம்.

ஒரே விதமாகத்தான் முடியும் என்றிருந்தால் நீடுவாழி பன்னோக்கு மருத்துவமனையில் சேர்த்த மறுநாளே வேலையை முடித்திருப்பார்கள். அங்கே விதி அப்படி. ஒரு வழி மட்டும் உள்ள நோயாளி நேராக அறுவை அரங்குக்குப் போவார். இரண்டு வழி உள்ள நோயாளி நேராக மாடிக்கு, கருத்தரங்கக் கூடத்துக்குப் போவார். சுருளிக்கு மாடி வாய்த்தது.

பேரையூர்ப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவர் சுருளி. அவருடைய அப்பா காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் கூலிக்கு நின்றவர். சுருளி தன் சொந்தக் காட்டில் நின்றார். அந்தப் பெருமையை அனுபவிக்க வரப்பில் நின்று பீடி குடிப்பார். குடித்த பீடிகளெல்லாம் சேர்ந்து ரத்தக்குழாயில் வேலையைக் காட்டிவிட்டன. தீராத முதுகுவலி என்று ஸ்கேன் எடுக்கப் போனபோது, எடுத்தவர் கருவியை வயிற்றில் வைத்துவிட்டு வைத்த கையை எடுக்கப் பயந்தார். "மதுரைக்குப் போயிருங்க, இன்னைக்கே போயிருங்க" என்று மட்டும் சொன்னார்.

சுருளியின் மகன் அருண்பாண்டி ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். பழங்காநத்தம் தாண்டி வெள்ளை வெளேரென்று எழும்பி நிற்கும் நீடுவாழியை அவன்தான் தேர்ந்தெடுத்தான். வாசலில் செயற்கை நீரூற்று இருந்தது. அவ்வளவு தண்ணீரைச் சும்மா மேலே விட்டுக் கீழே விழ வைக்கிறவர்கள் கெட்டிக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று சுருளியும் நினைத்தார்.

பணியில் இருந்த இளம் மருத்துவர் தீப்தி, அவர் கட்டிலருகே உட்கார்ந்து விளக்கினார்.

"நெஞ்சுலருந்து கீழ வர்ற பெரிய ரத்தக்குழாய்ங்கய்யா இது. கட்டைவிரல் கனம் இருக்கணும். உங்களுக்கு வயித்துக்குள்ள ஒரு இடத்துல சுவர் மெலிஞ்சு, மாதுளம்பழம் கனத்துக்கு வீங்கிருக்கு."

"அதான் வயித்துக்குள்ள கோழிக்குஞ்சு கெடந்து துடிக்கிற மாதிரி இருக்கா?"

"அதேதான்."

"வெடிச்சிருமா தாயி?"

"வெடிக்கிறதுக்கு முன்னாடி சரி பண்ணணும். அதுவரைக்கும் நீங்க இருமக் கூடாது, முக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. கோபப்படக் கூடாது. வாய்விட்டுச் சிரிக்கவும் கூடாது."

சுருளி கொஞ்சம் யோசித்தார். "மூச்சு விடலாமா?"

"மெதுவா விடுங்க."

பிறகு தீப்தி அந்த இரண்டு வழிகளையும் சொன்னார். வயிற்றைத் திறந்து, வீங்கின இடத்தில் நெய்த துணிபோல ஒரு குழாயை வைத்துத் தைப்பது ஒன்று. தொடையில் ஓடும் ரத்தக்குழாய் வழியாக, மடக்கி வைத்த குழாயை உள்ளே அனுப்பி, வீக்கம் இருக்கிற இடத்தில் விரித்துவிடுவது இன்னொன்று.

"எதுன்னாலும் செய்யுங்க தாயி. சுருக்கா செய்யுங்க" என்றார் சுருளி.

தீப்தி தலையைக் குனிந்துகொண்டார். "அதை நான் சொல்ல முடியாதுங்கய்யா. அரங்கம்தான் சொல்லணும்."

அரங்கம் என்றால் ஒப்பீட்டு அரங்கம். அது நீடுவாழியின் தலைமை மருத்துவர் சாம்பசிவத்தின் மூளையில் உதித்தது. மருத்துவம் படிக்கிற காலத்தில் கல்லூரிப் பட்டிமன்றங்களில் எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசிப் பரிசு வாங்கியவர் அவர். பட்டம் வாங்கிய பிறகு கைக்கு வேலை கிடைத்தது, நாக்குக்குக் கிடைக்கவில்லை. பல வருடங்கள் அந்த வருத்தத்தைச் சுமந்தார். தலைமைப் பதவிக்கு வந்த அன்றே அதை இறக்கி வைத்துவிட்டார்.

"மற்ற மருத்துவமனைகளில் என்ன செய்கிறார்கள்?" என்று அவர் புதிதாகச் சேர்கிற மருத்துவர்களிடம் கேட்பார். "நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஸ்கேனைப் பார்த்து, அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். அதில் சுவை எங்கே இருக்கிறது? அதில் தமிழ் எங்கே இருக்கிறது? கற்பா காதலா, மாமியாரா மருமகளா என்று கேட்டுக் கேட்டு விடை கண்ட ஊர் இது. ஒரு ரத்தக்குழாய்க்கு மட்டும் அந்த மரியாதை கிடையாதா?"

ஆகவே ரத்தக்குழாய்க்கு மரியாதை செய்யப்பட்டது. கருத்தரங்கக் கூடத்தில் சுருளியைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து முன்வரிசையில் நிறுத்தினார்கள். மேடையில் நடுவர் இருக்கையில் சாம்பசிவம். அவருக்கு வலப்பக்கம் பத்ரி, தொடை வழிக்காரர். இடப்பக்கம் சிவராம், வயிற்று வழிக்காரர். நடுவே மேசைமேல், நேரம் முடிந்தால் அடிக்க ஒரு மணி.

பத்ரி எழுந்தார். "நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை கிழிக்கிறார். ஏன் கிழிக்கிறார்? அவருக்கு அது மட்டும்தான் தெரியும்! நான் தொடையில் ஒரு சின்னத் துளை போடுகிறேன். நோயாளி மறுநாளே எழுந்து காப்பி குடிக்கிறார். பிறகு வருடா வருடம் எங்களிடம் வருகிறார். குழாய் நழுவியதா, கசிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறோம். ஆயுள் முழுக்க வருகிறார்! எதிரணி நோயாளியை ஒரே தடவை பார்த்து அனுப்பிவிடுகிறது. நாங்கள் உறவு வளர்க்கிறோம்."

கைதட்டல். சிவராம் எழுந்தார்.

"நடுவர் அவர்களே, பத்ரி நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். அவர் திரையைப் பார்த்தே குடித்தனம் நடத்துகிறவர். நான் கண்ணால் பார்த்து, கையால் தைக்கிறேன். ஒரு தடவை தைத்தால் தைத்ததுதான். என்னிடம் அறுவை செய்துகொண்டு வீடு திரும்பியவர்கள் யாரும் இதுவரை வந்து குறை சொன்னதில்லை. திரும்பாதவர்களும் சொன்னதில்லை."

இன்னும் பலத்த கைதட்டல். சுருளியும் தட்டலாமா என்று பார்த்தார். அது கனம் தூக்குவதில் சேருமோ என்னவோ என்று கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

எல்லாம் அடங்கியதும் அவர் மெதுவாகக் கேட்டார். "ஐயா, ஆப்பரேசன எப்ப வச்சுக்கிருவீக?"

சாம்பசிவம் பரிவோடு சிரித்தார். "அவசரப்படக் கூடாது பெரியவரே. அணிக்கு ஒருவர் பேசித் தீர்ப்பு சொன்னால் அது பட்டிமன்றமே இல்லை. அணிக்கு மூவர் வேண்டும். உங்கள் உயிர் விஷயம் பாருங்கள், மரபை மீற முடியாது."

அன்றிலிருந்து இரு தலைவர்களும் ஆள் சேர்க்கக் கிளம்பினார்கள். சுருளி காத்திருந்தார். தீர்ப்பு எந்த நேரம் வந்தாலும் ஆள் தயாராக இருக்க வேண்டும் என்று காலையில் பட்டினி போடுவார்கள். தீர்ப்பு வராது. சாயங்காலம் இட்லி வரும். தொடை அணிக்காரர்கள் வந்து இரண்டு தொடை இடுக்கிலும் பச்சை மையால் வட்டம் போட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு வயிற்று அணிக்காரர்கள் வந்து நெஞ்சிலிருந்து கீழே வரை நீல மையால் கோடு இழுத்தார்கள். கையோடு கையாக ஸ்பிரிட் பஞ்சால் பச்சை வட்டங்களை அழித்தும் விட்டார்கள். மறுநாள் காலையில் நீலக்கோடு காணாமல் போயிருந்தது.

"நம்ம காட்டுக்குச் சர்வேயர் வந்தப்பக் கூட இம்புட்டுக் கோடு போடல" என்றார் சுருளி. சொல்லிவிட்டுச் சிரிப்பு வந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார். மனைவி தங்கப்பொண்ணு அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வைக்கு மேலாகவே அது துடிப்பது தெரிந்தது.

வீட்டுக்குள்ளும் அரங்கம் புகுந்தது. அருண்பாண்டி இணையத்தில் படித்துப் படித்துத் தொடை அணியில் சேர்ந்துவிட்டான். ஊரிலிருந்து வந்த தங்கப்பொண்ணின் தம்பி முத்திருளன், திறந்து பார்க்காமல் எந்த மோட்டாரையும் சரி செய்ய முடியாது என்று வயிற்று அணிக்குப் போய்விட்டான்.

"மாமா, உங்களுக்கு விவரம் பத்தாது. உலகம் பூராம் இப்பத் தொடை வழிதான்."

"மாப்ள, நீ லாட்ஜுல ரூமுக்குச் சாவி குடுக்கிறவன். கொழாயப் பத்தி எங்கிட்டப் பேசாத. நான் போர் போட்டவன்."

"போரும் இதும் ஒன்னா?"

"ரெண்டும் கொழாதான்டா!"

"வெளிய போங்க ரெண்டு பேரும்" என்றாள் தங்கப்பொண்ணு. "அவருக்குக் கோவம் வரக் கூடாதுன்னு சொல்லிருக்காக." இருவரும் வெளியே போய்த் தேநீர்க் கடையில் தொடர்ந்தார்கள். அங்கே வேறு வார்டுக்காரர்களும் பக்கம் பிரிந்து சேர்ந்துகொண்டார்கள் என்று கேள்வி.

தங்கப்பொண்ணு பத்ரியைத் தனியே பிடித்தாள். வராந்தாவில் அவர் காலில் விழப் போனவளை அவர் தடுத்தார்.

"நீங்களே செஞ்சு விட்ருங்க சாமி. யாருட்டயும் சொல்ல மாட்டோம்."

"எப்படிம்மா செய்யிறது? அரங்கம் சொல்லாம நான் செஞ்சா மரபுக்கே கேவலம். கொஞ்சம் பொறுங்க. ஆனா ஒன்னு, வயித்தைத் திறக்க மட்டும் சம்மதிச்சிராதீங்க. உங்க வீட்டுக்காரர் வயசுக்குத் தாங்க மாட்டார். மேசையிலேயே போயிடுவார்."

அவள் நேராகச் சிவராமிடம் ஓடினாள். சிவராம் அதைவிடப் பரிவாகப் பேசினார்.

"பத்ரி சொன்னாரா? அவர் அப்படித்தான் சொல்வார். தொடை வழியா விட்டா ஆறு மாசத்துல குழாய் நழுவும், ராத்திரியில கசியும், தூக்கத்துலயே முடிஞ்சிரும். அதுக்கு மட்டும் தலையாட்டிராதீங்கம்மா."

"அப்ப நீங்க செய்யிங்கய்யா."

"தீர்ப்பு வரட்டும்."

இப்படியாக அவளுக்கு இரண்டு மரணங்கள் கிடைத்தன, ஒரு வைத்தியமும் கிடைக்கவில்லை. அவள் மக்கள் தொடர்பு அலுவலர் ராஜஸ்ரீயின் அறைக்குப் போய், வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம் என்று சொன்னாள். ராஜஸ்ரீ அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்கம்மா. நாங்க யாரையும் பிடிச்சு வைக்கிறதில்ல. ஆனா நம்ம ரோடு உங்களுக்குத் தெரியும். ஒரு பள்ளத்துல ஆம்புலன்ஸ் இறங்கி ஏறினா உள்ள என்ன ஆகும்னு நினைச்சுப் பாத்தீங்களா?"

தங்கப்பொண்ணு நினைத்துப் பார்த்தாள். அதற்கு மேல் அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை நம்ம ஆண்டுவிழா. ஆறு பேச்சாளர்களும் தயார். அன்னைக்கே தீர்ப்பு. திங்கள் காலையில முதல் கேஸ் உங்க வீட்டுக்காரர்தான். நானே வாக்குக் குடுக்கிறேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்க முடியாமல் யாரும் பள்ளத்தில் இறங்க மாட்டார்கள். தங்கினார்கள்.

ஆண்டுவிழா கீழ்த்தளத்துப் பெரிய கூடத்தில் நடந்தது. மேடையின் ஒரு பக்கம் மடக்குக் குழாய் விற்கும் கம்பெனியின் பதாகை, மறுபக்கம் தையல் நூல் விற்கும் கம்பெனியின் பதாகை. நடுவே 'பெருந்தமனி வீக்கத்துக்குப் பெரிதும் ஏற்றது வயிற்று வழியா, தொடை வழியா?' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. உள்ளூர்த் தொலைக்காட்சி வந்திருந்தது. நோயாளிகளின் சொந்தக்காரர்கள், செவிலியர் கல்லூரி மாணவிகள், சும்மா வந்தவர்கள் என்று கூடம் நிரம்பி வழிந்தது.

சுருளியை இந்தத் தடவை மேடையிலேயே ஏற்றிவிட்டார்கள். 'வழக்கின் நாயகர்' என்று அறிவித்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் கையில் ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சுற்றி, அந்தக் கருவியைப் பின்னால் இருந்த பெரிய திரையோடு இணைத்திருந்தார்கள். நூற்று நாற்பது என்று சிவப்பு எழுத்தில் திரையில் ஒளிர்ந்தது. இது விவாதத்துக்கு அறிவியல் அடித்தளம் தரும் என்றார் சாம்பசிவம்.

தங்கப்பொண்ணு சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவளுக்கு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை.

தொடை அணியின் இரண்டாவது பேச்சாளர் தேர்ந்த வாய்க்காரர். "எதிரணித் தலைவர் வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டால் என்ன செய்வார் தெரியுமா? சுவரை இடித்துக்கொண்டு உள்ளே போவார்! நாங்கள் அப்படியில்லை. சாவித்துவாரம் வழியாகவே நுழைந்து உள்ளே போய் வேலையை முடிப்போம்!"

கூடம் குலுங்கியது. திரையில் நூற்று ஐம்பத்திரண்டு.

வயிற்று அணியின் ஆள் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒலிபெருக்கியை இழுத்தார். "நடுவர் அவர்களே! சாவித்துவாரம் வழியாக அடுத்தவன் வீட்டுக்குள் நுழைகிறவனுக்கு மதுரையில் என்ன பெயர் என்று எல்லோருக்கும் தெரியும்!"

சிரிப்பு கூரையை முட்டியது. சுருளிக்கும் தாங்கவில்லை. உதட்டைக் கடித்தார், கண்ணை மூடினார், பருத்தியில் விழுந்த புழுவை நினைத்துப் பார்த்தார். தோள் குலுங்கத் தொடங்கிவிட்டது. தங்கப்பொண்ணு அவர் தோளை அழுத்திப் பிடித்தாள். "வேணாங்க. சிரிக்காதீக. என்னையப் பாருங்க, என்னைய மட்டும் பாருங்க" என்று கெஞ்சினாள். அவள் முகத்தில் இருந்த கிலியைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு நின்றது. அதற்குள் திரை நூற்று எழுபதைக் காட்டிவிட்டது.

"ஆகா!" என்றார் சாம்பசிவம். "நாயகரே சிவராம் அணிக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டுவிட்டார்!"

"ஆட்சேபிக்கிறேன்!" என்று பத்ரி எழுந்தார். "எங்கள் அணி பேசும்போது கருவியின் பட்டை தளர்வாக இருந்தது. இறுக்கிக் கட்டிவிட்டு மறுபடி ஒரு வாய்ப்புத் தர வேண்டும்."

தந்தார்கள். பட்டை இறுக்கப்பட்டது. தொடை அணி இன்னொரு நகைச்சுவை சொன்னது. வயிற்று அணி பதில் சொன்னது. அதன் பிறகு யாருக்கும் ரத்தக்குழாய் ஞாபகமில்லை; எல்லாக் கண்களும் சிவப்பு எண்ணின் மேல் இருந்தன. எண் ஏற ஏற மாணவிகள் ஊளையிட்டார்கள். முன்வரிசையில் அருண்பாண்டி ஒரு பக்கமும் முத்திருளன் ஒரு பக்கமும் எழுந்து நின்று விசிலடித்தார்கள். பெற்ற அப்பனின் உயிர் அந்தத் திரையில் ஏறிக்கொண்டிருக்கிறது என்பது அந்த மடையனுக்கு உறைக்கவில்லை. கதை சொல்கிற என் வாயில் அதற்கு மேல் கெட்ட வார்த்தைதான் வரும்.

மேடை ஓரத்தில் நின்ற தீப்தி, நடுவரின் பக்கம் குனிந்து, "சார், பிரஷர் ரொம்பக் கூடுது சார். நிறுத்திரலாம்" என்றார்.

சாம்பசிவம் மணியை அடித்தார். "தங்கள் நேரம் முடிந்தது, டாக்டர்" என்றார். அதற்கும் கூட்டம் சிரித்தது.

ஒருவழியாக ஆறு பேரும் பேசி முடித்தார்கள். நடுவர் தீர்ப்புக்கு எழுந்தார். கூடம் அமைதியானது. தங்கப்பொண்ணு கைகூப்பினாள். எந்த வழி என்று தெரியாவிட்டாலும் ஏதோ ஒரு வழி இதோ வரப்போகிறது.

"அன்பர்களே" என்றார் சாம்பசிவம். "ஒரு பக்கம் கத்தி. ஒரு பக்கம் குழாய். கத்தி தந்தை போன்றது; கண்டிப்பானது. குழாய் தாய் போன்றது, மெல்ல நுழைவது. தந்தை பெரியவரா, தாய் பெரியவரா என்று கேட்டால் பிள்ளை என்ன சொல்லும்? தொடை இல்லாவிட்டால் வயிறு நிற்குமா? வயிறு நிறையாவிட்டால் தொடை நடக்குமா? முப்பது ஆண்டு மருத்துவ அனுபவத்தில் சொல்கிறேன், ஒன்றை உயர்த்தி இன்னொன்றைத் தாழ்த்த என் மனம் ஒப்பவில்லை. ஆகவே, இரண்டு வழிகளுமே சிறந்தவை! இரண்டு அணிகளுமே வென்றன! இதுவே என் தீர்ப்பு!"

பத்ரியும் சிவராமும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தொலைக்காட்சிக்காரர் மறுபடி ஒரு தடவை கட்டிப்பிடிக்கச் சொன்னார்.

தங்கப்பொண்ணுக்குப் புரியவில்லை. "ஐயா" என்று நடுவர் மேசையை நோக்கிக் கத்தினாள். "அப்ப நாளைக்கு எதச் செய்யப் போறீக?"

"தீர்ப்பு சொல்லியாச்சேம்மா" என்றார் சாம்பசிவம்.

"ரெண்டுல எதுங்கய்யா?"

அவளும் ஏதோ ஏற்பாடு செய்த நகைச்சுவை என்று நினைத்து முதல் வரிசை சிரித்தது. சிரிப்பு பின்வரிசை வரை போனது. அந்தச் சிரிப்புக்கு நடுவே சுருளி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"ஏ புள்ள. முதுகுல ஏதோ விட்டுப் போச்சு."

அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. அவள் பொன்னாடையை இழுத்து எறிந்துவிட்டு அவர் கையைப் பிடித்தாள். கை ஈரத் துணிபோலச் சில்லென்று இருந்தது. திரையில் எண் மாறியது. நூற்று முப்பது. அடுத்த தடவை நூற்று எட்டு. அதற்கடுத்து எண்பத்தாறு.

சாம்பசிவம் திரும்பித் திரையைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பாருங்கள்!" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். "இத்தனை நேரம் கொதித்துக்கொண்டிருந்த ரத்தம், தீர்ப்பைக் கேட்டதும் எப்படித் தணிந்துவிட்டது பாருங்கள்! நல்ல தீர்ப்புக்கு நோயாளியின் உடலே சாட்சி!"

கூடமே எழுந்து நின்று கைதட்டியது. எண்பத்தாறு எழுபத்தொன்றானது. கைதட்டல் பலத்தது. தங்கப்பொண்ணு, "ஐயோ, எங்க ஆளப் பாருங்களேன்! யாராச்சும் பாருங்களேன்!" என்று அலறியது அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருந்தவருக்கே கேட்கவில்லை. ராஜஸ்ரீ ஒலிபெருக்கியை வாங்கி, இந்த விழாவைச் சிறப்பிக்க வந்திருந்த குழாய் கம்பெனியின் மண்டல மேலாளருக்கு நன்றி சொல்லத் தொடங்கினார்.

தீப்திதான் முதலில் ஓடி வந்தார். சக்கர நாற்காலியைத் திருப்பிக்கொண்டே, "வெடிச்சிருச்சு!" என்று கத்தினார்.

அந்த ஒரு சொல் மேடையை அறைந்தது. பத்ரி தன் கழுத்திலிருந்த மாலையைப் பிய்த்து எறிந்தார். சிவராம் மேசையைத் தாண்டிக் குதித்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். எந்த அரங்கு, யார் முதலில் என்று ஒரு சொல் பேசிக்கொள்ளவில்லை. கைகழுவ நேரமில்லாத அவசரத்தில் பத்ரி தொடை வழியாக ஒரு பலூனை மேலே அனுப்பி ரத்தத்தை மறித்து நிறுத்தினார். அவர் நிறுத்திய இடத்துக்குக் கீழே சிவராம் வயிற்றைத் திறந்தார். ஒருவர் கை நீட்டினால் எதற்கு என்று மற்றவர் கேட்காமலே புரிந்துகொண்டார். இப்படி வேலை செய்யத் தெரிந்த இரண்டு பேரைத்தான் அந்த மருத்துவமனை இத்தனை நாளும் மேடையில் ஏற்றி வைத்திருந்தது.

ஆனால் ரத்தம் அதிகம் போய்விட்டது.

அறுவை அரங்கின் வாசலில் அருண்பாண்டியும் முத்திருளனும் இரண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. விசிலடித்த வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அருண்பாண்டி விம்மினான். தங்கப்பொண்ணு மட்டும் நின்றுகொண்டே இருந்தாள்.

பத்ரியும் சிவராமும் சேர்ந்து வெளியே வந்தார்கள். இருவர் சட்டையிலும் ஒரே ரத்தம். முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அழவில்லை. அவளுக்கு ஒரு கேள்வி மிச்சமிருந்தது.

"வந்து சேந்த மறுநாளே செஞ்சிருந்தா, எங்க ஆளு பொழச்சிருப்பாராய்யா?"

சிவராம் பத்ரியைப் பார்த்தார். பத்ரி தரையைப் பார்த்தார்.

"பொழச்சிருப்பார்மா" என்றார் சிவராம்.

"வயித்து வழியாவா, தொட வழியாவா?"

"எது செஞ்சிருந்தாலும் பொழச்சிருப்பார்" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

ஒப்பீட்டு அரங்கம் தொடங்கிய நாளிலிருந்து இரண்டு அணிகளும் ஒரே கருத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதைக் கேட்க நடுவர் அங்கே இல்லை. அவர் கீழே கூடத்தில், கழற்றாத மாலையோடு, தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து தங்கப்பொண்ணின் ஓலம் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. அது பதிவில் விழுந்துவிடக் கூடாதென்று ராஜஸ்ரீ எழுந்து போய்க் கூடத்தின் கதவைச் சாத்தினார்.